பூங்கனி நகர்

ஒரு பக்கம் வீடுகளும் எதிர்ப்பக்கம் குளக்கரையுமாக இருந்த அந்தத் தெருவில் மொத்தம் இருபத்தேழு வீடுகள், கிழக்கே பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பிரமு அத்தை வீடு முதல் வீடு, மேற்கே தெரு முட்டி நின்ற இடத்தில் பூங்கனி வீடு கடைசி வீடு, வாயில் போட்ட ஆரஞ்சு மிட்டாய் கரைவதற்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துவிடலாம், மாசி மாதத்தில் பூங்கனி வெளிநாட்டுக்குக் கிளம்பத் தொடங்கும் வரைக்கும் அந்தத் தெரு அவ்வளவுதான் இருந்தது.

பூங்கனி நர்சிங் படித்தவள். அப்பா சங்கிலி அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், அம்மா ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அந்தத் தெருவிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அவள் படிப்பில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று எல்லா வீட்டாரும் நம்பினார்கள், பூங்கனியும் நம்பினாள். இருபத்தேழு வீட்டிலும் ஏதோ ஒரு வீட்டு வெளிச்சத்தில் படித்து, ஏதோ ஒரு வீட்டுக் குடையில் காலேஜ் பஸ்ஸுக்கு நடந்து, ஏதோ ஒரு வீட்டுச் சாம்பாரில் சாப்பிட்டு வளர்ந்தவள் வேறு எப்படி நினைப்பாள்.

அவளுக்குக் கிடைத்தது மலாவி என்ற நாட்டில் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்த பிரசவ நிலையத்தில் இரண்டு வருஷத் தொண்டு வேலை. டிக்கெட்டும் தங்க இடமும் சாப்பாடும் அனுப்புகிற தொண்டு அமைப்பு கொடுக்கும், சம்பளம் கிடையாது. அங்கே பதினான்கு கிராமங்களுக்கும் சேர்த்து தண்டிவே என்ற ஒரே ஒரு மருத்துவச்சி இருந்தாள். அவள் பூங்கனிக்கு எழுதினாள்: உனக்கான அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன், சன்னலைத் திறந்தால் ஏரி தெரியும், மழைக்காலத்தில் பாதை அறுந்துவிடும், பெண்கள் வந்து சேர முடியாது, நாம் இருவராக இருந்தால் ஒருத்தி அவர்களிடம் போகலாம், மழைக்கு முன்னால் வந்துவிடு.

"சம்பளம் இல்லாத வேலைக்குப் போக எதுக்குளா பிளேன்ல ஏறணும்? என் வீட்டுலயே மலை மாதிரி கெடக்கே" என்றாள் பிரமு அத்தை.

"பிள்ளை நல்ல காரியத்துக்குப் போறா" என்றார் சங்கிலி. அதற்கு மேல் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

பூங்கனி பெட்டி அடுக்கத் தொடங்கினாள். கையுறைப் பொட்டலங்கள், தொப்புள்கொடி கிளிப்புகள், புதுத் துண்டுகள், பிரஷர் பார்க்கும் கருவி, கொசுவலை, ஒரு பாட்டில் மாவடு. பாஸ்போர்ட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுத்துப் பார்த்து மறுபடியும் அதே உறையில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது, வீடு வீடாகச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.

வெளிநாடு போகிறவர்கள் முதல் வீட்டில் தொடங்கித் தங்கள் வீட்டில் முடிக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, நெற்றியில் திருநீறு வாங்கி, போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும், அவர்கள் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட் போன கொம்பையா அவசரத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போனதற்காக அந்த வீட்டார் இன்றுவரை அவர் குடும்பத்தின் நல்லதிலும் கை நனைத்ததில்லை, கெட்டதிலும் வந்து நின்றதில்லை. பூங்கனி யாரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாதவள்.

ஒரு புதன்கிழமை காலையில் அவள் பிரமு அத்தை வீட்டில் காப்பி குடித்து, திருநீறு வாங்கி, போயிட்டு வாரேன் அத்தை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, அந்த வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நடுவில் முன்பு இல்லாத ஒரு வெற்றிடம் இருந்தது. மூன்று சென்ட் இருக்கும். மண் காய்ந்திருந்தது, ஓரத்தில் ஆவாரை பூத்திருந்தது, ஒரு வெள்ளாடு பல வருஷமாக அங்கேயே படுத்துப் பழகியதுபோல் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. பின்னாலேயே வந்த பிரமு அத்தை இடுப்பில் கை வைத்து அந்த இடத்தைப் பார்த்தாள்.

"துணி காயப்போட இடமில்லாம இத்தனை வருஷம் சீரழிஞ்சேன்" என்று சொல்லிவிட்டுக் கொடி கட்டக் கயிறு எடுக்க உள்ளே போனாள்.

இரண்டாம் வீட்டில் சொன்னபோது ஐந்து சென்ட் இடம் விழுந்தது. குழாயடிச் சண்டையில் ஆவுடையம்மாளோடு பேச்சு நின்றுபோயிருந்த ஒன்பதாம் வீட்டில் ஒரு முழம்தான் விழுந்தது, அந்த வீட்டுக்காரி அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். பரீட்சை நாட்களில் பூங்கனி உட்கார்ந்து படித்த பதினாறாம் வீட்டில் நாற்பது சென்ட் விழுந்தது. யார் மேல் யாருக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு இடம் விழுகிறது என்பது இரண்டே நாளில் தெருவுக்குப் புரிந்துவிட்டது, புரிந்த பிறகு ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை, எவ்வளவு விழுந்தது என்றுதான் கேட்டார்கள்.

"வயசுக்கு வந்தன்னைக்கு உன் பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தது யாரு ஆவுடை? எங்களுக்கு ஏழு சென்ட்தானா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"முட்டையை நீ கணக்கு வச்சிருக்க பார்த்தியா, அதான் ஏழோட நின்னுட்டு" என்றாள் இன்னொருத்தி.

இருபத்தாறு வீட்டிலும் சொல்லி முடித்தபோது தெரு ஒன்றரை மைல் நீண்டிருந்தது. எதிரே குளக்கரையும் கூடவே நீண்டது, தண்ணீர் மட்டும் பழைய அளவே இருந்ததால் குளம் விரிந்து விரிந்து கணுக்கால் ஆழத்துக்கு வந்தது, பிள்ளைகள் அதில் நடந்தே மீன் பிடித்தார்கள். பால்காரர் அரை மணி முன்னதாக எழுந்தார். கடைசி வீட்டுக்கு வரும்போது பேப்பர் பழைய செய்தியாகிவிடுகிறது என்று பேப்பர்காரர் மேற்கிலிருந்து போடத் தொடங்கினார். சர்வேயர் வந்து அளவுச் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தார், வரைபடத் தாளில் இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினார், பிறகு அதோடு இன்னொன்றை ஒட்டினார், கடைசியில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பட்டாவுக்கு மனு குடுங்க, இருக்கறத இல்லைன்னு நான் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நிலத் தரகர் தவசிக்கண்ணு அண்ணாச்சி விழுந்த இடங்களிலெல்லாம் மஞ்சள் அடித்த கல் ஊன்றினார், பஸ் ஸ்டாப்பில் பெரிய பிளக்ஸ் வைத்தார். 'பூங்கனி நகர், நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல மனிதர்கள்' என்று எழுதி, பட்டமளிப்பு அங்கியில் பூங்கனி கொஞ்சம் பயந்த முகத்தோடு நிற்கிற போட்டோவையும் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் இங்க இருக்கப்போறதில்லையே" என்றாள் பூங்கனி.

"அதுக்குத்தானம்மா இந்தப் பேரு. போற பிள்ளை பேர்ல இருக்கட்டும்" என்றார் அவர். அவர் மனசில் கள்ளம் இல்லை, கண்கூடக் கலங்கியிருந்தது.

மனைகளில் வீடுகள் வந்தன. ஒரு டீக்கடை, ஒரு சலூன், வெல்டிங் பட்டறை, ஓட்டுக் கொட்டகையில் ஒரு மாதா படம், அதற்கு நாலு வீடு தள்ளி ஒரு கருப்பசாமி. எங்கெங்கிருந்தோ குடிவந்தார்கள், வந்து பால் காய்ச்சிய மறுநாளே கேள்விப்பட்டார்கள், கேள்விப்பட்டதும் ஆவுடையம்மாளிடம் வந்து நின்றார்கள்.

"பிள்ளை வெளிநாடு போகுதாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. புதுசா வந்தவங்கன்னா மனுசங்க இல்லையா?"

ஆவுடையம்மாள் மகளைப் பார்த்தாள், மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புது வீடுகளில் முதலில் கால் சென்ட், அரை சென்ட்தான் விழுந்தது. ஆனால் போன வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் பூங்கனி நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் வரமாட்டாள், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றாமல் வரமாட்டாள், அடுத்த வாரம் அந்த வீட்டார் அவளைக் கூப்பிட்டு, அன்னைக்குச் சொன்னப்ப நாங்க ஒன்னைச் சரியாத் தெரிஞ்சிக்கிடல, இன்னொரு தடவ சொல்லிட்டுப் போ தாயி என்பார்கள், இரண்டாம் தடவை சொல்லும்போது பதினைந்து சென்ட் விழும். விழுந்த இடத்தில் இன்னொரு வீடு வரும். அந்த வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். அவள் கவனமாகச் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பஸ் ஸ்டாப் ஒரு எட்டு தள்ளிப் போனது.

பங்குனியில் போக வேண்டிய பிளேன் அவள் இல்லாமல் போனது. அமைப்புக்கு எழுதி மன்னிப்புக் கேட்டாள், காரணம் என்ன என்று கேட்டார்கள், இன்னும் எல்லோரிடமும் சொல்லி முடிக்கவில்லை என்று உள்ளதை எழுதினாள். வைகாசிக்கு மாற்றித் தந்தார்கள். வைகாசி பிளேனும் போனது. சொன்னதைத் திரும்ப வாங்கினால் என்ன என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றி, பதினாறாம் வீட்டுக்குப் போய், சித்தி, நான் போகல என்று சொல்லிப் பார்த்தாள். நாற்பது சென்ட்டும் அப்படியேதான் கிடந்தது, அதில் இரண்டு வீடும் ஒரு மாவு மில்லும் வந்திருந்தன. சித்தி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "பயப்படாதளா. போகத்தான் போற" என்றாள்.

இதற்குள் சங்கிலி தினமும் ஆலைக்குப் போய்வர முடியாமல் ஆலையிலேயே தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்தார். ஷேர் ஆட்டோக்கள் தெருவின் நடுவில் இருந்த டீக்கடை வரைக்கும்தான் வந்தன, அதற்கு மேற்கே வந்தால் திரும்பிப் போகப் பெட்ரோல் காணாது.

பழைய வீடுகளில் சொல்லாமல் பாக்கி இருந்தது ஒரே ஒரு வீடு, அது ஆவுடையம்மாள். பூங்கனி வாயைத் திறந்து, அம்மா, நான் என்று தொடங்கினாலே ஆவுடையம்மாள் மிக்சியைப் போட்டுவிடுவாள், மின்சாரம் இல்லாவிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஒரு மதியம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லாத. நீ பாட்டுக்குக் கடைக்குப் போற மாதிரி போயிரு."

"சொல்லாம எப்படிம்மா போறது?"

"ஊர்க்காரிக்கு நாப்பது சென்ட் விழுந்திருக்கு. எனக்கு எவ்வளவு விழும்னு யோசிச்சுப் பாத்தியா?"

பூங்கனி யோசித்திருந்தாள். தெருவே யோசித்துக்கொண்டிருந்தது. ஆவுடை வீட்டில் சொன்னால் ஒரு தாலுகாவே விழும் என்று தவசிக்கண்ணு அண்ணாச்சி டீக்கடையில் சொன்னார், கல்லுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வைத்திருந்தார், ஆனால் அவரும் ஆவுடையம்மாளை நேரில் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனி இருபதாம் தேதி கிளம்பும்படி மூன்றாவது டிக்கெட் வந்தது, இதற்கு மேல் மாற்ற முடியாது என்று கூடவே ஒரு கடிதமும். மறுநாள் விடியற்காலை திருவனந்தபுரத்தில் பிளேன், அதைப் பிடிக்கச் சாயங்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் ஆறு மணிக்கு ஒன்று, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விடிந்ததும் நடக்கத் தொடங்கினால் மத்தியானம் இரண்டரைக்கு டீக்கடை, அங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் மூன்றரைக்குப் பஸ் ஸ்டாப். அங்கே அப்பா நிற்பார். கணக்குச் சரியாக இருந்தது.

கிளம்புகிற அன்று ஆவுடையம்மாள் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொடுத்தாள், வாசல் வரைக்கும் வந்தாள். பூங்கனி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்குப் போகிறவள் போல அவள் திரும்பி நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்கள் என்ன பூங்கனி, இன்னைக்கா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள், வாய் திறக்கவில்லை, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு காலை முழுக்க நடந்தாள், ஒரு அடிகூட இடம் விழவில்லை.

மத்தியானம் டீக்கடையில் ஆட்டோ தயாராக நின்றது. பெட்டியை ஏற்றினாள். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஜெபராணியின் சத்தம் கேட்டது.

ஜெபராணி சித்திரையில் குடிவந்தவள், புருஷன் லாரியில் நாக்பூருக்குப் போயிருந்தான், பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். டீக்கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வண்டிக்காரர் பூங்கனி நகரில் எத்தனையாவது மைல் என்று கேட்டார், சொன்னதும், வாரோம், ஆனா சாயங்காலம் ஆயிரும் என்றார்.

பூங்கனி ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கினாள். மலாவிக்கென்று அடுக்கியிருந்த கையுறைகளை எடுத்தாள், துண்டுகளை எடுத்தாள், கிளிப்புகளை எடுத்தாள். கொசுவலையைக் கிழித்துத் திரை கட்டினாள். ஜெபராணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒனக்கு பஸ் இருக்குல்லா, நீ போக்கா" என்று சொன்னாள், கையை மட்டும் விடவில்லை.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றி நீலமாக வந்தது. பூங்கனி கொடியை விலக்கினாள், துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், ஊதினாள், மறுபடியும் ஊதினாள். வெளியே ஆட்டோக்காரர் மணி பார்த்தார். குழந்தை ஒரு தடவை விக்கி, பிறகு அழுதது. பெண் குழந்தை. அப்போது மணி நாலே கால்.

பஸ் ஸ்டாப்பில் சங்கிலி நாலு மணி பஸ்ஸின் முன்னால் போய் நின்றிருந்தார். டிரைவர் பத்து நிமிஷம் பொறுத்தார், அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சங்கிலி மகளுக்குப் போன் பண்ணி, "ஆறு மணி பஸ்ஸுக்காவது வந்துருவியாம்மா?" என்று கேட்டார்.

வந்துவிடலாம். ஆம்புலன்ஸ் அந்த நேரம் பார்த்து வந்து நின்றது, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டது, ஆட்டோக்காரர் என்ஜினைப் போட்டார், பூங்கனி பாதி காலியான பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். அம்மாவிடம் குழந்தை பிறந்ததைச் சொல்ல வேண்டும் போலிருந்தது, போன் போட்டாள், ஆட்டோ சத்தத்தில் கத்திப் பேசினாள், பொம்பளப் பிள்ளைம்மா, கொடி சுத்தி வந்துச்சு, அழுதுட்டும்மா, ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சிருவேன், நேரமாச்சு, வச்சிருதேன்மா, போயிட்டு வாரேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

மறுமுனையில் மிக்சி ஓடவில்லை, குடம் நகரவில்லை.

"ஏளா, சொல்லிட்டியே" என்றாள் ஆவுடையம்மாள்.

"அம்மா."

"வாசல்லதான் நிக்கேன். பக்கத்து வீடு இப்பம் இருந்துச்சு. இப்பம் காணல. மண்ணாக் கெடக்கு, பூங்கனி. கண்ணுக்கெட்டுன மட்டும் மண்ணாக் கெடக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். சொன்னவளுக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். "சரி. போயிட்டு" என்றாள், அதற்குள் சத்தம் அறுந்தது. பூங்கனி மறுபடியும் போட்டாள். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

ஆட்டோ கிழக்கே பார்த்து நின்றது. ஐந்து மணி ஆகப்போகிறது, இப்பம் எடுத்தா பிடிச்சிரலாம் என்றார் ஆட்டோக்காரர். பூங்கனி இறங்கினாள், பெட்டியை இறக்கினாள், மேற்கே நடக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு நடக்கத் தொடங்கியவள்தான். இரண்டாம் நாள் சங்கிலி சைக்கிளில் வந்து அவளோடு சேர்ந்துகொண்டார், பெட்டியைக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவரும் நடக்கிறார். பழைய பக்கத்து வீட்டைத் தாண்டி, வீடே இல்லாத ஆவாரங்காட்டில், ஆடுகள் மட்டும் பல வருஷமாக அங்கேயே படுத்திருப்பதுபோல் படுத்திருக்கிற மண்ணில், ஆனி போய், ஆடி போய், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு ஒரு நாள் பின்னால் தவசிக்கண்ணு அண்ணாச்சியின் ஆட்கள் கல் ஊன்றிக்கொண்டு வருகிறார்கள். ஆவுடையம்மாள் நகர் என்று பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள், ரேஷன் கார்டிலிருந்த போட்டோதான் கிடைத்ததாம். மழையில் இவர்கள் நின்றுவிடும் நாட்களில் பின்னாலேயே வந்து குடியேறுகிறவர்கள் நல்ல மனிதர்கள், ஒதுங்கச் சொல்லிக் காப்பி கொடுக்கிறார்கள், கிளம்பும்போது சொல்லிட்டுப் போங்க என்கிறார்கள்.

சிக்னல் இருந்த கடைசி இடத்தில் தண்டிவேயின் கடிதம் போனில் வந்தது. உன் அறையில் மழை ஒழுகுகிறது, கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறேன், பாதை அறுந்துவிட்டது, நேற்று ஒருத்தி வந்து சேரவில்லை, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தாள். பூங்கனி நெடுநேரம் யோசித்து, பொய்யில்லாமல் ஒரு வரி எழுதினாள்: எனக்காக அறையை வைத்திருக்க வேண்டாம்.

காலையில் மழை விட்டதும் மேற்கே வெகு தூரத்தில் ஒரு மெல்லிய புகை எழுகிறது. பிள்ளை வந்தால் குளிக்க ஆவுடையம்மாள் வெந்நீர் போடுகிறாள் போலிருக்கிறது. சங்கிலி சைக்கிளை நிறுத்தி, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறார்.

"கிட்ட வந்துட்டோமாளா?"

பூங்கனி பார்க்கிறாள். நேற்றுத் தெரிந்த அதே அளவில்தான் தெரிகிறது.

"நடங்கப்பா" என்கிறாள்.